ஒரே ட்ரேயில் ஸ்டீக்கும் காய்கறியும்: நான்கு வழிகளில் எதைப் பிடிப்பது?

ஒரு பக்கம் ஸ்டீக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு), ஒரு பக்கம் காய்கறி, எல்லாம் ஒரே ட்ரேயில் ஓவனுக்குள் போய் வெளியே வந்ததும் மேலே தாராளமாக ஒரு பச்சை இலை சாஸ். இந்தச் சாப்பாட்டுக்குச் செய்முறை தேடினால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வை என்கிறார் ஒருவர், காய்கறியை முதலில் வை என்கிறார் இன்னொருவர், ஸ்டீக்கை அடுப்பில் தனியாகச் செய்துகொள் என்கிறார் மூன்றாமவர். நான் முதல்முறை எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வைத்தேன். உருளைக்கிழங்கு வேகும்வரை காத்திருந்ததில் இறைச்சி நடுவரைக்கும் சாம்பல் நிறமாகி இறுகிப்போனது. நல்ல இறைச்சி அப்படி வீணானது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் நான்கு வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன், எது எப்போது ஒத்துவரும் என்பது இப்போது நன்றாகவே பிடிபட்டிருக்கிறது.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். 2 செ.மீ. துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கு 220 டிகிரி சூட்டில் (நான் சொல்வதெல்லாம் செல்சியஸ்) பொன்னிறமாக 30 முதல் 35 நிமிடம் பிடிக்கும். 2.5 செ.மீ. கனமுள்ள ஸ்டீக்கோ அதே சூட்டில் ஏறக்குறைய 12 நிமிடத்திலேயே மீடியம் ரேர் பதத்தை, அதாவது நடுவில் இன்னும் சிவப்பு மாறாமல் சாறோடு இருக்கும் பதத்தை, தொட்டுவிடும். இது நேரச் சிக்கல். இதைவிடப் பெரியது தண்ணீர்ச் சிக்கல். இறைச்சியின் மேல்பக்கம் நன்றாகப் பழுப்பேறி மணக்கவேண்டும் என்றால் அங்கே சூடு 140 டிகிரியைத் தாண்டவேண்டும். 1912-ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை அது, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்துவது. ஆனால் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறாது, வருகிற வெப்பமெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். பக்கத்தில் காளானும், வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினியும், தக்காளியும் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீர் விட்டால் ட்ரேயே ஓர் இட்லிப் பானை மாதிரி ஆகிவிடும், எதுவும் வறுபடாது, எல்லாம் வேகும். அதனால் நான்கு வழிகளையும் இரண்டு கேள்விகளால்தான் எடைபோடுகிறேன்: ஸ்டீக்கும் காய்கறியும் ஒரே நேரத்தில் தயாராகின்றனவா, இரண்டுக்கும் உலர்ந்த, நேரடியான சூடு கிடைக்கிறதா?

முதல் வழி, எல்லாவற்றையும் ஒன்றாக வைப்பது. வேலை குறைவு, ஒரே ஒரு முறை ஓவனைத் திறந்தால் போதும், வேலை முடிந்து களைத்து வரும் நாளில் அதன் அருமை எனக்கும் தெரியும். ஆனால் இது சரியாக வர, சீக்கிரம் வேகும் காய்கறியை மட்டும்தான் எடுக்கவேண்டும். அஸ்பாரகஸ், சின்னத் தக்காளி, மெல்லிசாக நறுக்கிய குடைமிளகாய், சின்னச் சின்னப் பூக்களாகப் பிரித்த ப்ரோக்கோலி, இவையெல்லாம் 10 முதல் 15 நிமிடத்துக்குள் வந்துவிடும், ஸ்டீக்கின் நேரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் பக்கமே போகக்கூடாது. அப்படியே எல்லாம் சரியாக அமைந்தாலும் ஸ்டீக்கின் மேல்பக்கம் பழுப்பேறாமல் வெளிறித்தான் இருக்கும். சுற்றிலும் உள்ள சூடான காற்று இறைச்சிக்கு வெப்பத்தை மெதுவாகத்தான் கொடுக்கும், மேலே பழுப்பேற ஆரம்பிப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். சாஸ் நன்றாக இருந்தால் சாப்பிடலாம். எனக்குத் திருப்தி வருவதில்லை.

இரண்டாவது வழிதான் நான் வாரநாளில் செய்வது: காய்கறி முதலில், ஸ்டீக் கடைசியில், அதுவும் கிரில் சூட்டில். ஓவனின் மேல்பக்கத்தில் சிவந்து எரியும் கம்பி அல்லது தீச்சுடர் இருக்கிறதே, அது இறைச்சியின் மேல்பக்கத்தை நேரடியாகச் சுடும், காற்றை நம்பி இருக்கவேண்டாம். காலி ட்ரேயை ஓவனுக்குள்ளேயே வைத்து 220 டிகிரிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். காய்கறியை எண்ணெய், உப்பு போட்டுப் புரட்டிச் சூடான ட்ரேயில் கொட்டினால் 'சொய்ங்' என்று சத்தம் வரவேண்டும், வந்தால் அடிப்பக்கம் அந்த நொடியே வறுபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உருளைக்கிழங்கும் கேரட்டும் என்றால் 25 நிமிடம் விடுங்கள், நடுவில் ஒரு முறை புரட்டிவிட்டால் போதும். அப்புறம் ட்ரேயை வெளியே எடுத்து, காய்கறியை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் இடம் செய்து, நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவிய ஸ்டீக்கை வைத்து, கிரில்லை முழுச் சூட்டில் போட்டு, கம்பிக்குக் கீழே 10 செ.மீ. இடைவெளியில் ட்ரேயைத் தள்ளவேண்டும். 2.5 செ.மீ. கனத்துக்குப் பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம். கிரில்லை அதற்கு முன்பே 5 நிமிடம் எரியவிட்டிருக்கவேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள், கம்பி சிவப்பதற்கு முன்னால் ஸ்டீக்கை உள்ளே வைத்தால் அது சும்மா வெதுவெதுப்பில் கிடந்து வேகும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, கடைசி 10 நிமிடத்தில் ஸ்டீக்கிலிருந்து வடியும் கொழுப்பும் சாறும் பக்கத்தில் இருக்கும் உருளைக்கிழங்கின் மேல் இறங்கி, அது ஓரம் கருகக் கருக வறுபட்டு எடுக்கும் ருசி. ஒரே ட்ரேயில் சமைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன், பாத்திரம் குறைவது அப்புறம்தான். குறையும் இருக்கிறது. கிரில் ஓவனுக்கு ஓவன் வித்தியாசப்படும். சிலதில் கம்பி நடுவில் மட்டும் நன்றாக எரியும், சிலதில் உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டியதும் கம்பி தானாக அணைந்துவிடும். நம்முடைய ஓவன் எந்த இடத்தில் நன்றாகச் சுடுகிறது என்று தெரியாவிட்டால், ட்ரேயை நிறைக்கிற மாதிரி ரொட்டித் துண்டுகளைப் பரப்பி இரண்டு நிமிடம் கிரில்லுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டு முதலில் சிவக்கிறதோ ஸ்டீக் வைக்கவேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது வழியில் காய்கறி ட்ரேயில், ஸ்டீக் அடுப்பின்மேல் இரும்புச் சட்டியில். மேல் மொறுமொறுப்பு என்று மட்டும் பார்த்தால் இதை எதுவும் அடிக்கமுடியாது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கனமான இரும்பு தன்னிடம் சேர்த்துவைத்த சூட்டைத் தொட்டவுடன் இறைச்சிக்குக் கொடுத்துவிடும். அடிக்கடி புரட்டலாம், அரை நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டினால் இரண்டு பக்கமும் சீராக வேகும், ஒரே ஒரு முறைதான் புரட்டவேண்டும் என்று சொல்வதை நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் புகை நிறைய வரும், சமையலறையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் வீடு முழுக்கக் கண் எரியும். கூடவே ஒரு சட்டியைக் கழுவவேண்டும், அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெயைத் துடைக்கவேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு ஸ்டீக் என்றால் இதையே செய்யுங்கள் என்பேன். நான்கு பேருக்கு என்றால் சட்டியில் ஒரே நேரத்தில் இடம் இருக்காது, முதல் ஜோடி ஆறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஜோடியைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவது வழி மெதுவானது, 4 செ.மீ. அல்லது அதற்கும் கூடுதலான கனமுள்ள ஸ்டீக்குக்கு மட்டும். ஓவனை 120 டிகிரியில் வைத்து, ட்ரேயில் ஒரு கம்பி வலையைப் போட்டு, அதன்மேல் ஸ்டீக்கை வைத்து, உள்சூடு 46 டிகிரி வரும்வரை விடவேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே எடுத்தால் பார்க்கச் சகிக்காது, வெளிறிப்போய் இருக்கும், பயப்படவேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டு ஓவனை 220-க்கு ஏற்றிக் காய்கறியை வறுத்து முடித்து, கடைசியில் ஸ்டீக்கைத் திரும்ப ட்ரேயில் வைத்து, கிரில்லுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். மெதுவாகச் சூடேறியதால் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே இளஞ்சிவப்பு. மேற்பரப்பும் அதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும் என்பதால் சட்டென்று பழுப்பேறும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், ஆனால் அதில் பெரும்பகுதி நாம் சும்மா இருக்கும் நேரம். விருந்தாளிகள் வரும் நாளில் எனக்கு இதுதான் நிம்மதி, ஏனென்றால் பதம் தவறுவதற்கான வாய்ப்பு இதில்தான் மிகக் குறைவு. மெல்லிய ஸ்டீக்கில் மட்டும் இதை முயற்சிக்காதீர்கள், கிரில்லுக்குப் போவதற்குள்ளேயே வெந்துவிடும்.

எந்த வழியானாலும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். விரலால் அழுத்திப் பார்த்துப் பதம் சொல்வதெல்லாம் தினமும் நூறு ஸ்டீக் சுடுகிறவர்களுக்கு. ரேர் என்றால் 50 டிகிரியைச் சுற்றி, மீடியம் ரேர் 54 முதல் 57, மீடியம் 60 முதல் 63, 70-ஐத் தாண்டினால் முழுக்க வெந்தது. வெளியே எடுத்த பிறகும் உள்சூடு 3 முதல் 5 டிகிரி ஏறும் என்பதால் அந்த அளவு முன்னாலேயே எடுத்துவிடவேண்டும். நான்காவது வழியில் மட்டும் அந்த ஏற்றம் குறைவாக இருக்கும். பாதுகாப்புக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு 63 டிகிரி, எடுத்த பிறகு 3 நிமிடம் ஆறவைப்பது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சமைக்கும்போது நான் அந்த அளவைத்தான் பிடிக்கிறேன், இதில் ருசியைப் பார்ப்பதில்லை.

மாட்டின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டை வாங்குவது என்பதற்கும் வழிக்கும் தொடர்பு இருக்கிறது. ரிப்ஐ ருசியான துண்டு, ஆனால் கொழுப்பு அதிகம், கிரில்லுக்குக் கீழே அந்தக் கொழுப்பு தெறித்துப் புகையும், சில சமயம் தீப்பிடிக்கவும் செய்யும், அதனால் அதைச் சட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழிக்கு என் முதல் தேர்வு ஃப்ளாங்க் ஸ்டீக், தட்டையாக அகலமாக ஒரே துண்டாக இருக்கும், நான்கு பேருக்கு ஒன்றே போதும், தட்டையாக இருப்பதால் கிரில் முழுப் பரப்பையும் சுடும். ஆனால் அதன் நார் நீளமானது. மீடியம் ரேரைத் தாண்டவிடாமல் எடுத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டினால் மெத்தென்று இருக்கும், நார் ஓடும் வாக்கிலேயே வெட்டினால் மென்று மென்று தாடை வலிக்கும். சமைப்பதற்கு முன்பே நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், பழுப்பேறிய பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். ஸ்கர்ட் இன்னும் மெல்லியது, இன்னும் ருசி, பக்கத்துக்கு 2 முதல் 3 நிமிடம்தான், கவனம் சிதறினால் போச்சு. சர்லாயின் நடுத்தரம், எல்லா வழிக்கும் ஏதோ ஒரு அளவுக்கு ஒத்துவரும். டெண்டர்லாயின் இந்தச் சாப்பாட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மென்மைக்காக அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு மேலே பூண்டும் வினிகருமாக ஒரு காரசார சாஸை ஊற்றினால் அந்த மென்மையான சுவை எங்கே தெரியப்போகிறது?

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று, சமைப்பதற்கு 45 நிமிடம் முன்னாலேயே போடுங்கள், இல்லை ஓவனுக்குள் வைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில், 10, 15 நிமிடத்தில், உப்பு இழுத்த சாறு மேலே துளித்துளியாக நிற்கும், அந்த ஈரத்தோடு உள்ளே போனால் பழுப்பேறாது. 45 நிமிடம் விட்டால் அந்தச் சாறு உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விடும். முதல்நாள் இரவே உப்புப் போட்டு, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு கம்பி வலையில் வைத்தால் இன்னும் நல்லது, மேற்பரப்பு காகிதம் மாதிரி காய்ந்திருக்கும்.

காய்கறியில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. நேரம் ஒத்தவற்றைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். உருளை, கேரட் ஒரு கூட்டணி, வெங்காயத்தைத் தடித்த துண்டாக வெட்டி அவற்றோடு சேர்க்கலாம். ப்ரோக்கோலியும் குடைமிளகாயும் கடைசி 15 நிமிடத்துக்கு. காளான் பிடித்தவர்கள் அதைத் தனி மூலையில், நிறைய இடம் விட்டு. கத்தரிக்காயும் சுக்கினியும் போடுவதாக இருந்தால் வேறு எதையும் சேர்க்காதீர்கள், அவை விடும் தண்ணீருக்கே ட்ரே சரியாகிவிடும்.

ட்ரே விஷயத்தில் ஒரே விதி, காய்கறி ஒன்றோடொன்று உரசாமல் இடம் வேண்டும். 46-க்கு 33 செ.மீ. அளவுள்ள கனமான அலுமினிய ட்ரே நான்கு பேருக்குச் சரியாக இருக்கும். மெல்லிய ட்ரே சூட்டில் 'டம்' என்று முறுக்கிக்கொண்டு எண்ணெயை ஒரு மூலைக்கு ஓடவிடும். கழுவும் வேலை குறையட்டும் என்று பேக்கிங் பேப்பர் போடுகிறவர்கள் கிரில் சமயத்தில் அதை எடுத்துவிடுங்கள், கம்பிக்கு அவ்வளவு பக்கத்தில் அது கருகித் தீப்பிடிக்கும். அலுமினிய ஃபாயில் பரவாயில்லை.

இனி சாஸ். நான் மனசாரச் சொல்கிறேன், இந்தச் சாப்பாட்டில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலரும் இதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அர்ஜென்டினா, உருகுவே நாடுகளின் சிமிச்சுரி, இத்தாலியப் பச்சை சாஸான சால்சா வெர்டே, துளசி வகையான பேசிலில் செய்யும் பெஸ்டோ, இலை கலந்த வெண்ணெய் என்று நான்கு இருக்கின்றன. வெண்ணெய் சூடான ஸ்டீக்கின்மேல் உருகும் அழகைப் பார்த்தால் ஆசை வரும், ஆனால் ட்ரேயில் ஏற்கெனவே எண்ணெயும் கொழுப்பும் இருக்கிறது, நாலு வாய்க்குப் பிறகு திகட்டும். பெஸ்டோவில் சீஸும் கொட்டையும் வேறு சேர்வதால் அதற்கும் இதே குறை. கொழுப்பு குறைந்த சர்லாயினும் தக்காளியும் என்றால் பெஸ்டோ பொருந்தும், மற்றபடி புளிப்புள்ள சாஸ்தான் வேண்டும். சிமிச்சுரியில் புளிப்பு வினிகரிலிருந்து, சால்சா வெர்டேயில் எலுமிச்சையும் ஊறவைத்த கேப்பர்ஸ் என்ற பூமொட்டும், கூடவே நெத்திலியின் உப்பும். உருளைக்கிழங்கு நிறைய இருக்கும் ட்ரேக்கு நான் சால்சா வெர்டே பக்கம், அந்தக் கிழங்குக்கு அந்த உப்பு அப்படியொரு பொருத்தம். ஃப்ளாங்க், ஸ்கர்ட் என்றால் சிமிச்சுரி, அதில் யோசிக்கவே வேண்டாம்.

சிமிச்சுரிக்கு என் அளவு: பொடியாக நறுக்கிய பார்ஸ்லி (கொத்தமல்லி மாதிரி இருக்கும் இலை) ஒரு கப், பூண்டு 3 பல், காய்ந்த ஓரிகானோ ஒரு டீஸ்பூன், மிளகாய்த் துகள் அரை டீஸ்பூன், சிவப்பு ஒயின் வினிகர் 3 டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் அரை கப், உப்பு முக்கால் டீஸ்பூன். நறுக்கிய பூண்டை முதலில் வினிகரிலும் உப்பிலும் 10 நிமிடம் ஊறவிடுங்கள், அதன் பச்சைக் காரம் தணிந்துவிடும். எண்ணெயை மிக்ஸியில் போட்டு ஓட்டவேண்டாம், நல்ல ஆலிவ் எண்ணெய் வேகமான பிளேடில் அடிபட்டால் கசப்பு காட்டும். இலையையும் அரைத்தால் பசைதான் வரும், சாஸ் வராது, கத்தியால் நறுக்குவதே நல்லது. வினிகர் பச்சை நிறத்தை மங்கவைக்கும் என்பது உண்மைதான், பச்சையத்தில் இருக்கும் மக்னீசியத்தை அமிலம் வெளியேற்றிவிடுகிறது, அதனால் நிறம் முக்கியம் என்றால் பார்ஸ்லியை மட்டும் பரிமாறும் முன் கலக்குங்கள். நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் ஊறிய சிமிச்சுரி கொஞ்சம் மங்கினாலும் சுவை ஒன்றோடொன்று கலந்திருக்கும், அதனால் காய்கறியை ஓவனில் தள்ளியதும் சாஸ் வேலையை ஆரம்பித்தால் நேரம் கச்சிதமாக இருக்கும். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளில் முடித்துவிடுங்கள், எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை வெளியே வைத்திருப்பது ஆபத்து, அதில் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமிருக்கிறது.

சாஸை ட்ரேயோடு ஓவனுக்குள் அனுப்பாதீர்கள், இலை கருகிக் கசந்துவிடும். ஸ்டீக்கை எடுத்து ஒரு பலகையில் 5 முதல் 8 நிமிடம் மூடாமல் விடுங்கள், ஃபாயிலால் மூடினால் பாடுபட்டு வரவழைத்த மேல்பக்கம் ஆவியில் நமத்துப்போகும். அந்த நேரத்தில் காய்கறி இன்னும் சிவக்கவேண்டும் என்று தோன்றினால் ட்ரேயை மட்டும் திரும்ப உள்ளே தள்ளலாம். வெட்டும்போது பலகையில் சேரும் சாற்றை வழித்து, இரண்டு ஸ்பூன் சிமிச்சுரியோடு சூடான ட்ரேயில் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் காய்கறியைப் புரட்டுங்கள். மீதி சாஸை ஸ்டீக்கின்மேல் ஊற்றி அப்படியே மேசைக்குக் கொண்டுபோய்விடலாம்.